ரெண்டு இழுத்தால் கயிறு விடு

சிசிலியா கடற்பன்றியைத் தின்றிருக்கிறாள். உயிரோடு கண்டதில்லை.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது குருநகர்க் கரையில் ஒன்றை வெட்டிப் பங்கு போட்டார்கள். அம்மா செபஸ்தியம்மா மிளகு தூக்கலாகப் போட்டுக் கறி வைத்தாள். மாட்டிறைச்சி போலவும் இருந்தது, பன்றி போலவும் இருந்தது. சிசிலியா இன்னும் கேட்டு வாங்கித் தின்றாள். பன்னிரண்டு வருசம் கழித்து, பல்கலைக்கழகத்து விலங்கியல் வகுப்பில் அதே பிராணி கடற்பசு என்ற பெயரில் கரும்பலகையில் வந்து நின்றது. கடலுக்குள் புல் மேயும், குட்டிக்குப் பால் கொடுக்கும், எங்கள் கடலில் அநேகமாக முடிந்துபோயிற்று என்றார் விரிவுரையாளர். யாராவது கண்டிருக்கிறீர்களா என்றும் கேட்டார். சிசிலியா கையை உயர்த்தினாள்.

"காணேல்லை சேர். சாப்பிட்டனான்."

புத்தூரிலிருந்தும் சண்டிலிப்பாயிலிருந்தும் வந்த சைவப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி "குருநகர்" என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் அது ஊர்ப்பெயராக இருக்கவில்லை, மீன் நாற்றமாக இருந்தது. சிசிலியாவுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள்மேல் பாதி, தன்மேல் பாதி. புத்தகம் எழுதியவனுக்குத் தெரியாத ஒன்று அந்தப் பிராணியைப் பற்றி அவளுக்குத் தெரியும். அது அதன் ருசி. பட்டம் கையில் வந்தபிறகும் அந்த வெட்கம் போகவில்லை. ஒருமுறை, ஒரேயொருமுறை, அதை உயிரோடு பார்க்க வேண்டும். கேட்டால் "கண்டனான்" என்று சொல்ல வேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு சித்திரையில் அதற்கு ஒரு வழி திறந்தது. சண்டை ஓய்ந்திருந்த மாதங்கள் அவை. அவளுடைய தமையன் சிமியோனும் அவன் கூட்டாளி அடைக்கலநாதனும் கடலட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அடைக்கலநாதன் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கீழே போவான். சிமியோன் வள்ளத்தில் இருந்து கயிறு பிடிப்பான். ஒருநாள் சோற்றைக் குழைத்தபடியே சிமியோன் ஒரு புதினம் சொன்னான். மூன்று பாக ஆழத்தில் சாதாளை என்கிற கடற்புல் வளர்ந்த நிலத்தில், கீரைப்பாத்தியில் யாரோ உழுதுவிட்டுப் போனதுபோல் வெறும் சால்களாகக் கிடக்கிறதாம். நாளுக்கு நாள் புதுச் சால் விழுகிறதாம். அடைக்கலம் இரண்டுதரம் ஒரு பெரிய சாம்பல் முதுகையும் கண்டானாம்.

சிசிலியா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். அந்தச் சால்களின் படம் அவளுடைய கொப்பியில் இருந்தது. மேய்ந்த தடம். முடிந்துபோகவில்லை.

தானும் கீழே போகவேண்டும் என்று அவள் சொன்னபோது அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கடற்கரையில் பிறந்து நீந்தித் திரிந்தவள்தான். ஆனால் பெரியபிள்ளையான அன்றோடு கடல் அவளுக்கு நின்றுபோயிற்று. குமர்ப்பிள்ளை வள்ளத்தில் ஏறினால் சனம் என்ன சொல்லும் என்று அம்மா கேட்டாள். சனம் சொல்லாமல் விட்டது எது என்று மகள் கேட்டாள். மூன்று நாள் வீட்டில் ஒருவரும் ஒருவரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் அம்மா சிமியோனின் நீளக் காற்சட்டை ஒன்றை எடுத்து, இடுப்பைச் சுருக்கித் தைத்து, கட்டிலில் போட்டாள்.

தாமதிக்க நேரமில்லை. அடைக்கலநாதன் வைகாசியில் பாரிசுக்கு வெளிக்கிட இருந்தான். சிலிண்டரை விற்கப் பேசியாயிற்று. அந்த இடத்தை வேறு யாருக்கும் தெரியாது.

அடைக்கலநாதனும் அவளும் பத்தாம் வகுப்புவரை ஒன்றாகப் படித்தவர்கள். அவன் கணக்கில் கெட்டிக்காரன். தகப்பன் செத்ததோடு கடலுக்குப் போய்விட்டான். அந்தக் காலத்தில் அவளை நீ என்றுதான் கூப்பிடுவான். அவளுக்குப் பட்டம் கிடைத்த கிழமையிலிருந்து "நீர்" என்று தொடங்கினான். அந்த ஒரு ர் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. மரியாதை தருகிறவனிடம் ஏன் தருகிறாய் என்று எப்படிக் கேட்பது?

கயிற்றுக் கதை ஒன்றும் இருந்தது. சங்கு குளிக்கிற காலத்திலிருந்து வந்த வழக்கம்: குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்சாதியின் சகோதரன்தான் பிடிக்க வேண்டும். தன் சகோதரி தாலியறுக்கட்டும் என்று எவனும் கைவிட மாட்டான் அல்லவா. அடைக்கலநாதனுக்குக் கலியாணமாகவில்லை. சிமியோன் அவனுக்குக் கயிறு பிடிக்கத் தொடங்கிய நாளே இறங்குதுறை கணக்குப் போட்டுவிட்டது. "மச்சான்மாருக்கு எப்ப விருந்து?" என்று மூன்று வருசமாகக் கேட்டார்கள். சிமியோன் சிரிப்பான். அடைக்கலநாதன் குனிந்து வலையை ஆராய்வான். அம்மாவின் காதில் அது விழாது. படித்த பிள்ளைக்குப் படித்த மாப்பிள்ளை என்பது அவளுடைய முடிவு. தன்னை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை என்று சிசிலியா கொதித்தாள். ஒருத்தர் கேட்டிருந்தால் போதும். அந்த ஒருத்தர் கேட்கவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தபின், மார்பளவு தண்ணீரில் அடைக்கலநாதன் அவளுக்குப் பழக்கினான். குழாயை எப்படிக் கடிப்பது, ஈயப்பட்டியை எப்படிக் கழற்றுவது. மேலே வரும்போது மூச்சை அடக்கக் கூடாது, நெஞ்சு வெடிக்கும் என்று மூன்றுதரம் சொன்னான். பிறகு கயிற்றுப் பாஷை. ஒரு இழுப்பு, நல்லாயிருக்கிறன். இரண்டு, இன்னும் தூரம் போகிறன், கயிறு விடு. மூன்று, தூக்கு.

அவர்கள் போன நாள் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. சிமியோன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கயிற்றை எடுத்தான். அடைக்கலநாதன் அதை அவன் கையிலிருந்து வாங்கினான்.

"தமையன் நானிருக்க நீயேன்?" என்றான் சிமியோன்.

"வழக்கத்தைப் பாத்தா ரெண்டுபேரும் பிழை," என்றாள் சிசிலியா. "ஆம்பிளைக்குப் பெண்சாதியின்ரை சகோதரமெண்டா எனக்குப் புருசன்ரை சகோதரி. இவரின்ரை தங்கச்சியையெல்லோ ஏத்திக்கொண்டு வந்திருக்கவேணும்."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சிமியோன் கரைப் பக்கம் திரும்பி இருமினான். அடைக்கலநாதன் அவளுடைய இடுப்பில் முடிச்சைப் போட்டான். போட்டதை அவிழ்த்து மறுபடியும் போட்டான்.

"கவனம்," என்றான். "நீர் பயப்பிடாதையும்."

கீழே பச்சை. தன் மூச்சைத் தவிர வேறு சத்தமில்லை. அவள் சாதாளையில் குப்புறக் கிடந்தாள். சால்கள் அவள் முகத்துக்கு முன்னால் ஓடின, கொப்பியில் கீறினதைவிடக் கோணலாக. ஒரு இழுப்பு இழுத்தாள். மேலிருந்து ஒரு இழுப்பு வந்தது. காத்திருந்தாள். கை விறைத்தது. ஒன்றும் வராது, வெட்டித் தின்ற சனத்துக்கு முன்னால் அது ஏன் வரவேண்டும் என்று நினைத்தாள்.

அப்போது முன்னால் சேறு கிளம்பியது. திருக்கை என்றுதான் நினைத்தாள். சேற்றுக்குள்ளிருந்து ஒரு முகம் வந்தது. அழகான முகமென்று சொல்ல முடியாது. வீங்கின உதடு, அதில் தும்புத்தடிபோல மயிர், நெற்றி முழுக்கத் தழும்பு. அது அவசரமில்லாமல் புல்லை வேரோடு பிடுங்கி, மென்று, அடுத்த பிடியைப் பிடுங்கியது. அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு குட்டி வந்தது. தாய் தலையைத் தூக்கி, மிளகளவு கண்ணால் சிசிலியாவைப் பார்த்தது. நான் உன்ரை இனத்தைத் தின்றனான் என்று அவள் மனதுக்குள் சொன்னாள். அது மென்றுகொண்டே இருந்தது.

பிறகு அது திரும்பியது. குட்டியும் திரும்பியது. வாலை ஒருதரம் அசைத்ததுதான், இரண்டு பாகம் தள்ளிப் போய்விட்டது. சிசிலியா பின்னால் போனாள். கயிறு இறுகியது. இரண்டு இழுப்பு இழுத்தாள்: கயிறு விடு. சாம்பல் முதுகு பச்சைக்குள் மங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் இரண்டு.

கயிறு விடவில்லை. மேலே இழுத்தது.

இடுப்பு மடிய, தலை சுற்ற, அவள் மேலே போனாள். குழாயைக் கடித்தபடி அவனைத் திட்டிக்கொண்டே போனாள். குருநகரில் ஆண்கள் மட்டும் சொல்கிற சொற்கள் எல்லாம் குமிழியாகப் போயின. அதனால்தான் மூச்சு அடங்கவில்லை. நெஞ்சு வெடிக்கவும் இல்லை.

வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழாயைத் துப்பினாள்.

"ரெண்டு இழுத்தா என்ன?"

"கயிறு விடுறது," என்றான் அடைக்கலநாதன்.

"பிறகேன் தூக்கினனீ?"

அவன் முகம் வெளிறிப்போய் இருந்தது. உள்ளங்கை கயிறு அறுத்துச் சிவந்திருந்தது.

"நீ ரெண்டு இழுத்தது விளங்கினது," என்றான். "கை கேக்கேல்லை."

நீ என்றான். அவனுக்கு அது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. கோபம் வாய்வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

"மூண்டு வருசம் நான் உனக்குக் கயிறு பிடிக்கிறன்," என்றான் சிமியோன், யாரையும் பாராமல். "ஒருநாளும் பிழை விடேல்லை."

அப்போது கூப்பிடு தூரத்தில் தண்ணீர் பிளந்து ஒரு பெருமூச்சு கேட்டது. கிழவன் ஒருவன் சாய்மனைக் கதிரையில் சாய்வதுபோல. உடனே பின்னால் இன்னொன்று, சின்னது. மூன்றுபேரும் அசையாமல் இருந்தார்கள். மறுபடியும் கேட்கவில்லை.

"அடுத்தமுறை கயிறு விடு," என்றாள் சிசிலியா.

"ஓம்," என்றான் அவன்.

அடுத்தமுறை வரவில்லை. வைகாசியில் அவன் போனான். ஆனியில் சண்டை தொடங்கிக் கடல் மூடப்பட்டது. கோட்டையைச் சுற்றிக் குண்டு விழ, அவர்கள் குருநகரை விட்டு மருதனார்மடத்தில் ஒரு வீட்டின் பின்னறைக்கு வந்தார்கள். சிசிலியாவுக்குப் புத்தூரில் படிப்பிக்க இடம் கிடைத்தது. அங்கே எந்தத் திசையில் நின்று கேட்டாலும் கடல் கேட்காது. ஒருநாள் பாடத்தில் கடற்பன்றி வந்தது. யாராவது கண்டிருக்கிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. "நான் கண்டனான்," என்றாள். பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். எவ்வளவு நேரம் மிஸ் என்றது ஒன்று. "காணாது," என்றாள். எவ்வளவென்றாலும் போதாது.

அடைக்கலநாதனின் கடிதம் எட்டு மாதம் அலைந்து வந்தது. குளிர், வேலை, அம்மாவுக்குச் சுகம் கேட்டது எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: "இப்ப நல்லா விட்டிருக்கிறன். கயிறு காணுமோ?"

அவள் அதை வாசித்துவிட்டு ஒருநாள் முழுக்கக் கோபமாக இருந்தாள். இவ்வளவு நீளம் இவனிடம் யார் கேட்டது? இரவுச் சோற்றை வேண்டாம் என்றாள். அம்மா கடிதத்தையும் பார்த்தாள், மகளையும் பார்த்தாள், சோற்றை மூடி வைத்தாள்.

அடுத்தநாள் பாடசாலை இடைவேளையில் கொப்பியிலிருந்து ஒரு ஒற்றையைக் கிழித்தாள். சுகம் விசாரிக்கவில்லை. ஊர்ப்புதினம் எழுதவில்லை.

"ரெண்டு இழுத்தது கடற்பன்றிக்குப் பின்னாலை போக. உன்னைப் போகச் சொல்லியில்லை. உனக்கு இப்ப மூண்டு இழுக்கிறன், தூக்கு. எண்ணிப் பார்."

கடிதத்தை வாங்கின தபால்காரர், தபால் ஏற்றுகிற கப்பல் எப்போது வருமென்று தெரியாது, பிள்ளை, என்றார். தெரியும், முத்திரையைக் குத்துங்கோ என்றாள் சிசிலியா. அவர் குத்தும்வரை அங்கேயே நின்றாள்.