பிரிண்டர் சாரின் அம்பு

கல்லூரியில் அவருக்குப் பெயர் பிரிண்டர் சார். இந்தப் பட்டம் எப்படி வந்தது என்று அவர் யாரிடமும் விளக்குவதில்லை. விளக்கினால் மானம் கப்பலேறிவிடும். ஒருநாள் முதல்வரின் அறையில் பிரிண்டர் ஓடாமல் நின்றுவிட, அந்தப் பக்கமாகப் போன இவரைக் கூப்பிட்டார்கள். தட்டை இழுத்துப் பார்த்தார். காகிதம் இல்லை. வைத்தார். ஓடியது. அவ்வளவுதான் சங்கதி. தற்காலிக ஆசிரியராக இலையையும் வேரையும் நடத்திக்கொண்டிருந்த தாவரவியல்காரர் அன்றிலிருந்து கம்ப்யூட்டர் புலி ஆனார்.

தகவல் தொழில்நுட்ப அறிமுகம் நடத்திய அம்மா வேறு வேலை கிடைத்துப் போனதும், முதல்வர் அந்த வகுப்பை இவர் தலையில் கட்டினார். கம்ப்யூட்டர் தெரியும்தானே என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தார். தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். இவரோ வாய் கூசாமல், ஏதோ ஓரளவுக்குத் தெரியும் சார் என்றார். அந்த ஓரளவு எந்த அளவு என்று முதல்வரும் கேட்கவில்லை, இவரும் அளந்து பார்க்கவில்லை.

பாடத்துக்கு அறிமுகம் என்று பெயர் வைத்தவர் நன்றாக இருக்க வேண்டும். மாணவர்களுக்கு அந்தப் பாடம் அறிமுகமான அதே வாரத்தில்தான் இவருக்கும் அறிமுகமானது. காலையில் பேருந்தில் இரண்டு பக்கம் படிப்பார், வகுப்பில் அந்த இரண்டு பக்கத்தையும் வெளுத்து வாங்குவார். மூன்றாவது பக்கத்திலிருந்து யாராவது கேள்வி கேட்டுவிட்டால், அது அடுத்த வாரம் வரும் என்பார். நிறைய விஷயங்கள் அடுத்த வாரம் வரவேண்டியிருந்தன.

இப்படியே வண்டியை ஓட்டியிருப்பார், மச்சினி மட்டும் முதலாமாண்டில் வந்து சேராமல் இருந்திருந்தால். மனைவியின் தங்கை. அக்கா வீட்டிலேயே தங்கிப் படிக்கிறாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, வகுப்பு நடுவில் கூசாமல், "அத்தான், இது புரியல," என்பாள். சார் என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். சார் மாதிரி நடத்துங்கள், கூப்பிடுகிறேன் என்றுவிட்டாள். வாயாடி.

அவள் வாய்க்குப் பயப்பட இன்னொரு காரணமும் இருந்தது. இவருக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மனைவி தன் பிறந்த வீட்டில் ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தாள். மாமனார் அதை ஊரெல்லாம் சொல்லியும் ஆயிற்று. உண்மையில் ஆகவில்லை. முதல்வர் ஒரு வகுப்பு முழுக்க வந்து உட்கார்ந்து பார்த்து, சரி என்றால்தான் ஆகும். அந்த வகுப்புக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

பாடத்தில் கோட்டை விட்டாலும் சுத்தத்திலாவது மதிப்பெண் வாங்கலாம் என்று, முந்தின நாள் வகுப்பு முடிந்ததும் லேபில் புகுந்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வயரில்லாத மவுஸ்கள் அடிக்கடி காணாமல் போவதால், தினமும் சாயங்காலம் லேப் அக்கா எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டுவாள். ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதிய ஸ்டிக்கர். காலையில் எண்ணைப் பார்த்து, அந்தந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பாள். அவள் கைப்பட ஒட்டிய ஸ்டிக்கர்கள் அழுக்கேறிக் கிடந்தன.

அவளிடம் சாவி வாங்கி, அவள் வீட்டுக்குப் போன பிறகு, இவர் ஸ்பிரிட்டும் பஞ்சுமாக உட்கார்ந்து மவுஸ்களைத் துடைத்தார். மவுஸ்கள் பளபளத்தன. ஸ்டிக்கர்கள் மொத்தமும் உரிந்து மேஜையில் விழுந்தன. ஒரு நிமிடம் விழித்தார். பிறகு, எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே நிறம், எதில் எதை ஒட்டினால் என்ன, மவுஸ் மவுஸ்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, புது ஸ்டிக்கரில் அழகாக எண் எழுதி, கைக்கு வந்தபடி ஒட்டிவைத்தார். தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டும் போனார், பாவி மனிதர்.

மறுநாள் முதல்வர் லேபுக்கு வந்தார். கடைசி வரிசையில் காலியாக இருந்த கம்ப்யூட்டரின் முன்னால் அமர்ந்தார். இவர் மாணவர்களிடம், யாரும் மவுஸைத் தொடக் கூடாது, பெரிய திரையை மட்டும் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். முதல்வரிடம் அப்படிச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

பாடக் கோப்பைத் திறப்பதாகச் சொல்லி மவுஸை நகர்த்தினார். திரையில் அம்பு அசையவில்லை. இன்னும் அழுத்தி நகர்த்தினார். அம்பு திடீரென்று எதிர்த்திசையில் பாய்ந்து மேல்மூலையில் போய் முட்டியது. மவுஸைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். ஆனால் வாய் இவரைக் கைவிட்டதே இல்லை. மவுஸைத் தள்ளினால் அம்பு இப்படி மேலே போகும் என்றார். அம்பு வட்டமடித்தது. வட்டமாகவும் சுற்றலாம் என்றார். கால்குலேட்டர் திறந்தது. கணக்குக்கு உதவும் என்றார். குப்பைத் தொட்டி திறந்தது. வேண்டாததைக் கொட்டும் இடம் என்றார். அம்பு நட்டநடுவில் அப்படியே நின்றபோது, தொடர்ந்து உழைத்தால் அதற்கும் ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்று திகைத்தார். கடைசி வரிசையில் முதல்வர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். பாடத்தில் மூழ்கிவிட்டார் என்று இவருக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் மச்சினி எழுந்தாள்.

"அத்தான், உங்க அம்பு என்கிட்ட இருக்கு."

வகுப்பு சிரித்தது. அவள் திரையில், அவள் மவுஸைத் தொடாமலே, இவர் கை அசைந்த பக்கமெல்லாம் அம்பு ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையிலிருந்து முதல்வரும் எழுந்தார். தன் மவுஸும் ஒன்றுக்கும் உதவவில்லை, வந்ததிலிருந்து ஆட்டிக்கொண்டே இருக்கிறேன் என்றார். இவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

முதல்வரின் கோபம் லேப் அக்காவின் மேல் போயிற்று. அவள்தானே பெட்டிக்குப் பொறுப்பு, எண்ணைக்கூடப் பார்த்துக் கொடுக்கத் தெரியவில்லையா, கூப்பிடுங்கள் அவளை என்றார். வாசலில் நின்றிருந்த அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். பிரிண்டர் சார் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி அவளோடு போயிருக்கும், நிரந்தரம் இவரோடு வந்திருக்கும். மாமனாரின் முகம்கூட ஒரு நொடி கண்ணில் வந்து போனது. பிறகு முதல்வரின் பக்கம் திரும்பினார்.

"அவங்க மேல தப்பில்ல சார். ஸ்டிக்கரை உரிச்சதும் நான்தான், மாத்தி ஒட்டினதும் நான்தான். ஒவ்வொரு மவுஸும் ஒரே ஒரு கம்ப்யூட்டரோடதான் பேசும்னு எனக்குத் தெரியாது."

"அப்போ நான் சும்மா ஆட்டினதுக்கெல்லாம் இவ்வளவு நேரம் நீங்க அர்த்தம் சொல்லிட்டு இருந்தீங்களா?"

"ஆமா சார். அன்னிக்கு உங்க பிரிண்டர்லயும் பேப்பர்தான் இல்ல. வேற ஒண்ணும் நான் பண்ணல."

முதல்வர் கையிலிருந்த மவுஸை மேஜையில் வைத்தார்.

"நான் கையை ஆட்டினா அர்த்தம் சொல்ல இந்த காலேஜ்ல எல்லாருமே இருக்காங்க. சும்மா சொன்னேன்னு ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான்."

சிரித்தாரா, கடிந்துகொண்டாரா என்று இவருக்குப் புரியவில்லை. நிரந்தரத்தைப் பற்றி அடுத்த வருடம் பேசலாம், அதுவரை பாடத்தைப் படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனது போயிற்று. இனிப் பயப்பட என்ன இருக்கிறது? பிரிண்டர் சார் மாணவர்களைப் பார்த்து, எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து கண்டுபிடிப்போம் என்றார். ஒருவர் மவுஸை ஆட்ட, யார் திரையில் அம்பு துள்ளுகிறது என்று மற்றவர்கள் தேடினார்கள். லேப் அக்கா ஒவ்வொரு ஸ்டிக்கராக எழுதி ஒட்டினாள். ஒரு மவுஸ் எப்படித் தன் கம்ப்யூட்டரை அடையாளம் கண்டுகொள்கிறது என்று ஒரு பையன் கேட்டான். அடுத்த வாரம் வரும் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, இவர் புத்தகத்தை எடுத்து எல்லார் முன்னாலும் பக்கம் புரட்டினார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றவே நேரம் பிடித்தது. உள்ளே மனைவி கையில் போனை வைத்துக்கொண்டு, அம்மா காத்திருக்கிறாள், வகுப்பு எப்படிப் போயிற்று என்று தங்கையைக் கேட்டாள். ஒரு செருப்பைக் கழற்றிய இவர் மற்றதைக் கழற்றாமல் காதைத் தீட்டிக்கொண்டார்.

"வேலை இன்னும் நிரந்தரமாகல அக்கா. நீதான் அம்மாகிட்ட சொல்லணும்," என்றாள் மச்சினி. "ஆனா எனக்கு இன்னிக்குத்தான் பாடமே புரிஞ்சுது. சார் நல்லா நடத்தினார்."

"சாரா? எந்த சார்?"

வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தவர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.