குருவிக்கூட்டு ஜரிகை

நாலு திருகாணி, இரண்டு வயர், ஒரு ஏணி. அரைமணி நேர வேலை. அந்த வேலைக்கென்று பங்குனியில் சைக்கிளை எடுத்த வயர்மேன் சக்கரவர்த்தி, ஆனி பிறந்தும் அதை முடித்தபாடில்லை.

எல்லாம் ஒரு குருவியால் வந்த வினை. காஞ்சிபுரம் அரிசி மண்டி பார்சுவநாதன் வீட்டுக் குளியலறையில் வெந்நீர் அடுப்புப் புகையை வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. அது மோட்டார் காயில் எரிந்து செத்துப்போனதும், மனுஷர் பெரிய மனசு பண்ணி மெட்ராஸிலிருந்து புதுசு வாங்கி வந்தார். அதற்குள், சுற்றாத இறக்கைகளுக்கு நடுவே குருவி வைக்கோலைத் திணித்து முட்டையும் இட்டுவிட்டது. வேறு வீடாக இருந்தால் கூட்டைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்துவிட்டு ஆகவேண்டியதைப் பார்த்திருப்பார்கள். இது சமண நயினார் வீடு. சோற்றில் பூச்சி விழுந்து சாகுமே என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுக் கை கழுவுகிற வீடு. சக்கரவர்த்தியும் சமணன்தான். குளியலறை ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு ஏறியவன், முட்டையைப் பார்த்ததும் ஏணியிலிருந்து அப்படியே இறங்கிவிட்டான்.

“குஞ்சு பறக்கட்டும். அப்புறமா வாங்க” என்றாள், ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கனகமாலா.

கனகமாலா பார்சுவநாதனின் தங்கை. இவளைத்தான் ஒரு காலத்தில் சக்கரவர்த்தி பெண் கேட்டுப் போனான். காணி நிலமில்லை, கம்பம் ஏறிப் பிழைக்கிறவன் என்று பெரியவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அதைக்கூட அவன் மறந்துவிட்டான். “உனக்கு இஷ்டமாம்மா?” என்று கூடத்தில் அத்தனை பேருக்கு முன்னால் அவள் அப்பா கேட்டபோது, அவள் வாயே திறக்கவில்லை. அதைத்தான் அவனால் மறக்க முடியவில்லை. விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத பெண் என்று தெருவே சொல்லும். அப்பேர்ப்பட்டவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு அவளைப் பக்கத்துக் கூரம் கிராமத்தில் கட்டிக்கொடுத்தார்கள். சில வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்து அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். சக்கரவர்த்தி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. காதோரம் நரைத்த பிறகும் அந்த ஒரு பதில் அவனுக்கு வேண்டியிருந்தது. இனிமேல் தெரிந்து என்னடா கிழிக்கப்போகிறாய் என்று தன்னையே திட்டிக்கொள்வான். ஆனாலும் வேண்டியிருந்தது.

வாரம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் வருவான். கொல்லைக் கிணற்றடியில் நிற்பான். அவளை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல், கூப்பிடாமலே கேட்பான்.

“இன்னா, பறந்துடுச்சா?”

“இன்னும் இருக்குதுங்க.”

ஒரு தம்ளர் நீர்மோர் வரும். அவன் குடித்து முடிக்கும்வரை அவள் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கிக்கொண்டிருப்பாள். வெயில் ஜாஸ்தி, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று இரண்டு பேச்சு. அவ்வளவுதான். அந்த இரண்டு பேச்சுக்காக ஒரு ஆம்பிளை அடுத்த வாரம்வரை ஏங்கிக் கிடப்பானா என்று கேட்காதீர்கள். கிடந்தானே, பாவி மனுஷன்!

குஞ்சுகளின் சத்தமே இல்லையே என்று அவனுக்கும் தோன்றாமலில்லை. தூங்குகின்றன போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஏணி போட்டு எட்டிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? பார்த்துவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் அவனுக்கு என்ன வேலை?

“அது இன்னா குருவியா, மயிலாபா? மாசக்கணக்குல அடைகாத்துக்கினே கீது!” என்று எலக்ட்ரிக் கடை அந்தோணி வாய்விட்டுச் சிரித்தான்.

கடைசியில் பார்சுவநாதனுக்குத்தான் பொறுமை போயிற்று. வெடித்த வயரில் கரண்ட் வந்தால் குருவிக்கு ஆபத்தென்று ஃபியூஸை மாட்டாமலே விட்டிருந்ததால் குளியலறையில் விளக்கும் எரியவில்லை. புகையும் போகவில்லை. விடியற்காலையில் லாந்தரை வைத்துக்கொண்டு இருமியபடி குளிக்கவேண்டியிருந்தது. போதாக்குறைக்குச் சம்பந்தி வீட்டார் வேறு வருவதாக இருந்தார்கள்.

“இன்னிக்கி நீயே ஏறிப் பாத்துடுபா. குஞ்சு இருந்தா நான் கிணத்தடியிலயே குளிச்சிக்கிறேன். இல்லாட்டி மாட்டிட்டுப் போ” என்று சொல்லிவிட்டு முன்கட்டுக்குப் போய்விட்டார்.

சக்கரவர்த்தி ஏறினான். கனகமாலா ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

கூடு காலி. காலியென்றால் நேற்று இன்று காலியானதல்ல. வாய் முழுக்க ஒட்டடை படிந்து, வைக்கோல் புகையில் கறுத்துக் கிடந்தது. உள்ளே ஒரு ஜரிகை இழை மட்டும் மின்னியது. தறிக்கூடத்து வாசலெல்லாம் பொறுக்கித் திரிகிற இந்த ஊர்க் குருவிக்கு ஜரிகைக்கா பஞ்சம்!

“பறந்துடுச்சு. ரொம்ப நாளாவுது” என்றான்.

“தெரியும்” என்றாள் அவள். தலையை நிமிர்த்தவில்லை. ஏணியைப் பிடித்த விரல்கள் மட்டும் இறுகின.

பொய்யே அறியாத வாய், வாரம் தவறாமல் அவனிடம் பொய் சொல்லியிருக்கிறது! அன்றைக்குக் கூடத்தில் வராத பதில் இதோ வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து, ஏணியின் உச்சியில் நிற்கும்போதுதான் வரவேண்டுமா? அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புகைக்கரி கண்ணில் விழுந்ததுபோல் துண்டால் துடைத்துக்கொண்டான்.

பிறகு வேலையைப் பார்த்தான். கூட்டைச் சிதையாமல் எடுத்துத் துண்டில் வைத்தான். பழைய ஃபேனைக் கழற்றி இறக்கினான். சூட்டில் வெடித்திருந்த வயரை வெட்டி எறிந்து புதுசு இழுத்தான். திருகாணிகளை முறுக்கி, இணைப்புகளுக்கு டேப் சுற்றினான். எல்லாம் சுத்தமான வேலை. கடைசியாக, பின்கட்டுச் சுவரிலிருந்த போர்டில் ஃபியூஸ் மாட்டவேண்டியிருந்தது.

சக்கரவர்த்தி போட்ட ஃபியூஸ் சும்மா போனதாகப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒருவர் சொன்னதில்லை. அந்தச் சக்கரவர்த்தி, ஃபியூஸ் கம்பியைப் பையிலேயே விட்டுவிட்டு, கூட்டிலிருந்த ஜரிகையை எடுத்தான். உள்ளே இருந்த பட்டு நூலை உருவி எறிந்தான். மேலே சுற்றியிருந்த மயிரிழை வெள்ளிக் கம்பியை நீவி, ஃபியூஸ் கட்டையில் மாட்டி முடுக்கினான்.

கனகமாலா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இது தாங்குமா?”

“ஃபேன் மட்டும் ஓடினா தாங்கும். லைட்டையும் சேத்துப் போட்டா போயிடும்.” அவன் திருப்புளியைப் பையில் போட்டான். “போனா சொல்லி அனுப்பு, கனகா.”

ஃபேன் ஓடியது. அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். புகை சொன்ன பேச்சைக் கேட்டு வெளியே போயிற்று. “நீ கைய வச்சா பத்து வருஷத்துக்குக் கவலையில்லபா!” என்று பார்சுவநாதன் அவன் முதுகில் தட்டினார்.

சக்கரவர்த்தி கூட்டைக் கேரியரில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினான். மண்டையைப் பிளக்கும் உச்சிவெயில். தெருமுனைகூடத் தாண்டியிருக்கமாட்டான், பின்னாலிருந்து பார்சுவநாதனின் குரல் துரத்தி வந்தது.

“யோவ் சக்கரவர்த்தி! திரும்பி வாயா! ஃபியூஸ் போயிடுச்சு! பட்டப்பகல்ல லைட்டப் போட்டுட்டு நிக்கிறாபா இவ!”