பலம் தின்ற பிள்ளைகள்

பகலில் அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். மாலையில், சம்பளமில்லாமல், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் ஒரு கணினி அமைப்புக்காக, குழந்தைகளின் சொல் விளையாட்டு ஒன்றைத் தொகுத்து அனுப்புகிறவள். படத்தைத் தொட்டால் அதன் பெயரை ஒரு குரல் சொல்லும், அவ்வளவுதான் விளையாட்டு.

அதை உருவாக்கியவர் ஒலிக்கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். தொகுப்பு விதியோ, கோப்பின் பெயரில் ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதுவும் தலைகாட்டக் கூடாது என்றது. அதனால் ஒவ்வொரு பதிப்புக்கும் நானூறு பெயர்களையும் ஆங்கிலத்துக்கு மாற்ற அவளே ஒரு நிரல் எழுதி வைத்திருந்தாள். ஒன்பது வருஷம் முணுமுணுத்ததோடு சரி.

இந்தப் பதிப்பில் ‘பலம்’ புதிதாக வந்தது. ழகரத்துக்கும் லகரத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து என்பதால், ஏற்கெனவே இருந்த ‘பழம்’ அதே பெயரோடு உட்கார்ந்திருந்தது. புதியது பழையதை விழுங்கிவிட்டது. ஓர் ஆசிரியை கடிதம் போட்டார்: பழத்தைத் தொட்டால் ‘பலம்’ என்கிறதாம், வகுப்பில் பிள்ளைகள் பலம் தின்கிறார்களாம்.

அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. விதியைத் தளர்த்தச் சொல்லி அமைப்பின் விதிக்குழுவுக்கு எழுதினாள். குழுவில் ‘பூட்டு’ என்று எல்லோரும் பட்டப்பெயர் வைத்திருந்த மூத்தவர், கோப்புகளைச் சுருக்கும் பழைய நிரல் தமிழ்ப் பெயரில் திணறும் என்று மறுத்தார். அந்த நிரலை அமைப்பிலிருந்து தூக்கியே பதினான்கு வருஷமாயிற்று என்று அவள் காட்டினாள். மற்ற கருவிகள் என்னாகும் என்றார். மூன்று வாரம் விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்து பன்னிரண்டு கருவிகளைச் சோதித்தாள்; ஒன்றுகூடத் திணறவில்லை. யோசிப்போம் என்றார்.

பழைய மடல்களைக் கிளறி, இந்த விதியைக் கொண்டுவந்த புண்ணியவான் யாரென்று பார்த்தாள். பூட்டேதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். நேரே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“சார், இதை எழுதினதே நீங்கதானே? ஆறு மாசத்துக்கு மட்டும்னு போட்டிருக்கீங்க.”

“அப்படியா போட்டிருக்கேன்?”

“அப்புறம் ஏன் எடுக்கல?”

“யாரும் எடுக்கச் சொல்லலையேம்மா. வந்தவங்க எல்லாம் எனக்கு மட்டும் விலக்கு குடுங்கன்னுதான் கேட்டாங்க. விதி நல்ல விதிபோலன்னு நானும் காவல் காத்துட்டேன்.”

மறுநாள் விதியைத் தளர்த்த அவரே தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. பெயர் மாற்றும் நிரலை அவள் அழித்தபோது, என்னவோ கை வெறுமையாக இருந்தது. பழத்தைத் தொட்டாள். ‘பழம்’ என்றது.

தொகுப்பைச் சரிபார்க்கும் முறை பூட்டுக்கு வந்தது. இரண்டு நாளில் திருப்பியனுப்பிவிட்டார். ஆங்கில எழுத்தில் ஒளிந்திருந்த பெயர்களெல்லாம் இப்போது அவர் கண்ணெதிரே தமிழில் நின்றன. ‘பச்சைகிளி’யில் ஒற்று இல்லை, ‘எரும்பு’க்கு வல்லின றகரம், ‘குறுவி’க்கு இடையின ரகரம் என்று மொத்தம் முப்பத்தொரு பிழை. கடைசியில் ஒரு வரி: “விதிதாம்மா தளர்ந்திருக்கு, இலக்கணம் தளரல.”

கணவனுக்கு அதைப் படித்துக் காட்டினாள். அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்கு வந்த கோபமும் நிற்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலில் கிளிக்கு ஒற்றுப் போட்டாள்.