சுகத்துக்கா, ஆத்துமாவுக்கா

அன்று பின்னேரம் பாண் விற்கிற ஓட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. ரொஷேல் சிரித்தாள். ஆறு வயதாகியும் என் மகள் பேசியதில்லை; அந்தப் பாட்டுக்கு மட்டும் தவறாமல் சிரிப்பாள். அதில் வாங்கிய பணிஸைத் தேநீரில் தோய்த்து ஊட்டினேன். அன்றிரவு வந்த வலிப்பு அவளைக் கொண்டுபோய்விட்டது.

சில வாரங்கள் கழித்து டொக்டர் உமாசுதன் எங்களை வெள்ளவத்தையில் தன் கிளினிக்குக்கு வரச்சொன்னார். அவள் தலை ஏன் சின்னதாகவே நின்றுவிட்டது என்று அறிய, முன்பு அவள் கையிலிருந்து பொட்டளவு தோல் எடுத்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பியவர் அவர். அந்தத் தோலை அங்கே, கருவில் மூளையை உண்டாக்கும் உயிர்க்கலங்களாக மாற்றியிருக்கிறார்களாம். அவை இன்னும் உயிரோடு இருக்கின்றனவாம். வைத்திருப்பதா, நிறுத்துவதா என்று நாங்கள் சொல்லவேண்டும்.

“இந்தக் கலங்கள் முதல்ல நல்லாப் பெருகவேணும். பிறகுதான் நரம்புக் கலமா மாறவேணும். பெருகவைக்கிற மரபணு ஒண்டு ரொஷேலுக்கு நேரத்துக்கு முந்தியே அடங்கிட்டுது. எல்லாம் அவசரப்பட்டு மாறி, பெருகிற கலத்தின்ர கையிருப்பு முடிஞ்சுபோச்சு; அதாலதான் மூளை வளரேல்ல,” என்றார்.

“உயிரோட இருக்கேக்க வளராத மூளைய இப்ப கோப்பைக்குள்ள வளக்கிறீங்களா டொக்டர்?” என்றார் என் கணவர் பிறெடி.

“மூளை இல்ல. கலம் மட்டும்.”

“அது அவளா?” என்று கேட்டேன்.

“அவள்ட கலம். அவள் இல்ல.”

“அப்ப ஏன் எங்களிட்டக் கேக்கிறீங்க?”

அவர் பிறெடியைப் பார்த்தார். பிறெடி கதவைப் பார்த்தார்.

பஸ்ஸில் பிறெடி, “நிப்பாட்டச் சொல்லு மெற்றில்டா. புதைச்சாச்சு,” என்றார். சரி என்றேன். ஆனால் எதைப் புதைத்தோம் என்று எனக்குத் திடீரென்று தெரியவில்லை.

மறுநாள் வேதக்கோயிலில், பூசையில் ஃபாதர் வாசிப்பதற்குப் பெயர் கொடுக்கப் போனேன். பெயர் எழுதும் எவ்லின் அன்ரி எல்லாரிடமும் கேட்பதைத்தான் கேட்டா.

“ஆத்துமாவுக்கா, சுகத்துக்கா?”

இறந்தவர்களுக்கு ஆத்துமா, உயிரோடு இருப்பவர்களுக்குச் சுகம். ஆத்துமாவுக்கு என்றுதான் வாயெடுத்தேன். “சுகத்துக்கு,” என்று வந்தது.

“ஆருக்கு, மகள்?”

“ரொஷேலுக்கு.”

“விசரா பிள்ள? பெட்டியில வைக்கேக்க நான்தானே அவளுக்குப் பூமுடி கட்டினன்.”

“அப்ப ரெண்டுக்கும் போடுங்க அன்ரி.”

“ஒரே ஆளை ரெண்டுக்கும் வாசிச்சா ஃபாதர் என்னைத் துரத்திருவார்!”

ஒன்றுக்கும் கொடுக்காமல் வெளியே வந்தேன். வாசலிலேயே நின்று டொக்டருக்கு ஃபோன் எடுத்து, வைத்திருக்கச் சொன்னேன். பிறெடிக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை.

“அங்க எண்டாலும் அந்த மரபணு இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யுதா டொக்டர்?”

“இல்ல அம்மா. எத்தனை தரம் வளத்தாலும் அதே கட்டத்திலதான் அடங்குது.”