வடிவம்மாளின் இடது கை

1

1946 செப்டம்பர் 11, புதன். ஒரு சிறு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். தொடர்கதையின் இரண்டாம் பாகத்தில் வடிவம்மாளுக்கு வலது கையில் தொடங்கிய வெண்மை, நான்காம் பாகத்தில் இடது கையில் இருக்கிறது. எப்படி இடம் மாறியது என்று நான் எங்கும் எழுதவில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது.

வாசகரே, இந்தக் கதை அந்தப் பிழையிலிருந்து பிறந்தது. முதலில் நாட்குறிப்பாக நான்கு வரி எழுதினேன். நான்கிலும் நான் நல்லவனாக இருந்தேன். ஆகவே இனி 'நான்' வேண்டாம், 'அவன்' போதும். பெயர் வன்னியபெருமாள். வயது இருபத்திரண்டு. பகலில் தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணியில் ஏறும் உப்பு மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுகிறான். மாலை ஆறரைக்கு டைப்ரைட்டிங் வகுப்பு.

2

(மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தான். 'கடல் அன்று அமைதியாக—' அடித்தாயிற்று. அன்று அவன் கடலைப் பார்க்கவே இல்லை. 'மனித வாழ்க்கை என்பது—' இதையும் அடித்தாயிற்று. மூன்றாவது இது.)

வகுப்பில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை உண்டு. காகிதம் கிடைக்காத காலம். இருப்பது ஒரே பிரதி. ஆளுக்கு ஒரு நாள். வாங்குகிறவர் அட்டையின் உள்ளே ஒட்டிய சீட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். அந்த ஏற்பாடு வன்னியபெருமாளுடையது, துறைமுகத்துப் பழக்கம். கடைசிப் பக்கங்கள் வாசகர் கருத்துக்கு.

அதில்தான் அவனுடைய விஞ்ஞானத் தொடர் வந்துகொண்டிருந்தது. செவ்வாய்க் கிரகத்திலிருந்து ஒரு கல் வந்து, முத்துச் சிப்பிகள் விளையும் கடலடிப் பாரில் விழுகிறது. குளித்தெடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிடுகிறார்கள். அவற்றைக் கழுவும் வடிவம்மாளின் தோலில் ஒரு வெள்ளைத் திட்டு தோன்றுகிறது. சிப்பியின் உள்பக்கம் போல மினுங்குகிறது. வலி கிடையாது. அவள் கையால் எதை வாங்கினாலும் தொற்றிக்கொள்ளும். நான்காம் பாகம் முடிவதற்குள் கொழும்பு, ரங்கூன், லண்டன் எல்லாம் போய்விட்டது.

(செவ்வாயின் சிவந்த மணலை மூன்றாம் பாகத்தில் ஒரு முழுப் பக்கம் வருணித்திருக்கிறான். அது பின்னால் வரும்.)

3

பிழையைக் கண்டுபிடித்தது சாயர்புரத்து ஜீவமணி, வகுப்பில் பக்கத்து மிஷின்காரன். கருத்துப் பக்கத்தில் எழுதியிருந்தான்: 'எந்தக் கை? ஆசிரியருக்கே தொற்றிவிட்டதா?'

அதன் கீழே வேறு யாரோ, பென்சிலில், பெயர் போடாமல்: 'இடது கைதான். சந்தேகம் உள்ளவர்கள் ஆறு மணிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.'

நேற்று பத்திரிகை கைக்குத் திரும்பியபோது இதைப் படித்த வன்னியபெருமாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏலே ஜீவமணி, இது யாரு எழுதுனது?"

"எனக்கென்னலே தெரியும்? சீட்டைப் பாரு. எனக்கப்புறம் ஏழு பேரு வாங்கியிருக்கானுவ."

"ஆறு மணிக்கு எங்கன போய்ப் பாக்கணும்?"

ஜீவமணி தட்டுவதை நிறுத்தினான். "நெசமாவே தெரியாமலா எழுதுன? நீ தெரிஞ்சுதான் எழுதுனன்னுல்லா நாங்க நெனச்சோம். ஒரு வாரமா எவனும் செல்லக்கனி அக்கா கடைக்குப் போவல. பஜார் முக்குலதான் குடிக்கோம். சீனிக் காப்பி. கழனித்தண்ணி மாரி இருக்கு."

செல்லக்கனி அக்கா கடை. வகுப்புக்கு முன்னால் எல்லோரும் கருப்பட்டிக் காப்பி குடிக்கும் இடம். இந்த ஒரு வாரம் கொழும்புத் தோணிகளின் நெருக்கடியில் வன்னியபெருமாள் நேரே வகுப்புக்கு வந்துவிட்டான். அதற்கு முன் ஏழு மாதம் தினமும் அங்கே போயிருக்கிறான். அவளுடைய கையை அவன் ஒரு நாளும்—

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே இருக்கட்டும்.]

4

இன்று ஆறு மணிக்குப் போனான். பெஞ்சு காலி. அவனைப் பார்த்ததும் செல்லக்கனி முந்தானையை இடது கையின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆனால் காப்பி ஆற்ற இரண்டு கையும் வேண்டும். இரண்டாவது முறை ஆற்றும்போது முந்தானை சரிந்தது. மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் வரை வெள்ளை.

ஏழு மாதமும் இந்தக் கை இவன் கண் முன்னால்தான் மேலும் கீழும் போய் வந்திருக்கிறது.

"பக்கத்துக் கடை அண்ணாச்சி கதை பூராஞ் சொன்னாவ," என்றாள். "எங்க உடங்குடித் தேரி மண்ணு செவப்பா இருக்குங்கதுக்காவ என்னையச் செவ்வாய்க் கெரகத்துக்காரி ஆக்கிட்டியேலே."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்றும் தெரிந்தது.

"அக்கா, சத்தியமா ஒங்களை நெனச்சு எழுதல."

"பொறவு யாரு கையப் பாத்து எழுதுன?"

அவன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான்.

"பன்னெண்டு வயசுல வந்தது. எம் புருசனுக்கு ஒட்டல, எம் புள்ளைக்கு ஒட்டல. ஒன் கதை இடது கைக்கு வந்து எட்டே நாளுல பெஞ்சு காலி. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன், அப்பவும் யாரும் வரலேன்னா அடுப்பைத் தூக்கிட்டு ஊருக்குப் போன்னு இடத்துக்காரரு சொல்லிட்டாரு."

5

அவன் பையிலிருந்து ஐந்தாம் பாகத்தின் வரைவுகளை எடுத்தான். அ, ஆ, இ என்று குறித்து வைத்திருந்தான். வாசித்துக் காட்டினான்.

அ. வடிவம்மாள் இறக்கிறாள், அவளோடு நோயும் போய்விடுகிறது.

"அப்ப நான் எடத்தைக் காலி பண்ணுனாத் தீந்துரும்பாவ."

ஆ. மருந்து கிடைக்கிறது, வெள்ளை மறைகிறது.

"ஒனக்கு மட்டும் ஏன் போவலன்னு கேப்பாவ. என்ன சொல்லட்டும்?"

இ. எல்லாம் கனவு.

"கனவா?" டம்ளரை அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள். "குடி. இதுவும் கனவுதான்."

ஈ. (அங்கேயே யோசித்தது.) பிழைதிருத்தம் மட்டும் போடுவது: 'இடது என்பதை வலது என்று வாசிக்கவும்.'

செல்லக்கனி அடுப்பில் விறகைத் தள்ளினாள். "வலது கையில இருக்கவ ஒருத்தியும் இந்த ஊருல கெடையாதோ?"

உ.

(பையிலிருந்த பென்சிலால் உ என்று எழுதியதோடு சரி.)

6

இங்கே எனக்குக் குழப்பமாக இருக்கிறது. 'அவனுக்கு' என்று திருத்த வேண்டும், திருத்தவில்லை.

காப்பி ஆறுவதற்குள் தோன்றியது இது. பிரதி ஒன்றுதான். இதுவரை அது வீடு வீடாகப் போனது. ஐந்தாம் பாகம் எங்கும் போகாமல் இந்தக் கடையிலேயே இருந்தால்? வாசிக்க வேண்டுமானால் இந்த பெஞ்சில் வந்து உட்கார வேண்டும். முடிவு இருக்காது. காலிப் பக்கமும், நூலில் கட்டிய பென்சிலும் இருக்கும்.

அவன் இதைச் சொன்னதும் அவள் கேட்டாள். "எவனும் வரலேன்னா?"

தெரியவில்லை.

"வந்து, இதவிட மோசமா எழுதி வச்சுட்டுப் போனா?"

அதுவும் தெரியவில்லை. இப்படிச் செய்வது அவளை வேடிக்கைப் பொருளாக்குவது ஆகாதா என்பதும் தெரியவில்லை. (இதற்குப் பதில் எழுத ஒரு வரி விட்டிருக்கிறேன்.)



"ஒங்க பேரை மாத்திப் போடுதேன் அக்கா."

"எம் பேரையே போடு. வேற பேரைப் போட்டுத்தான இம்புட்டும் வந்துச்சு." முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு கையும் வெளியே தெரிந்தன. "அந்தப் பென்சிலு மொட்டையா இருக்கு. சீவிக் கொண்டா."

7

வாசகரே, நீங்கள் இப்போது வாசிப்பதுதான் ஐந்தாம் பாகம். அப்படியென்றால் நீங்கள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரே அவள் காப்பி ஆற்றிக்கொண்டிருப்பாள். ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். நான் பார்க்காததையும் பாருங்கள். பிறகு வடிவம்மாளுக்கு என்ன ஆகிறது என்று அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதும் கீழே பெயர் போடுங்கள். பெயரில்லாமல் வேண்டாம்.

நாளை, வியாழன்: பென்சில் சீவ வேண்டும். துறைமுகத்தில் அரை மணி முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்க வேண்டும். ஐந்தே முக்காலுக்குப் பத்திரிகையைக் கடையில் வைத்து, சீட்டில் முதல் பெயராக என் பெயரை எழுதிவிட்டு, காப்பி குடிக்க வேண்டும்.