மூன்றாம் பெட்டி பதில் சொல்லவில்லை

அலுவலகத்தில் எல்லோரும் அவனை 'லீடர்' என்பார்கள். அதே குழுவில் வேலை பார்க்கும் அவன் மனைவியின் தங்கை மட்டும் மீட்டிங்கில்கூட "அத்தான்" என்பாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

மருத்துவமனையின் மருந்துக் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கும் நிரலை அவளிடம் ஒப்படைத்திருந்தான். எழுதி வந்ததைப் பார்த்ததும் அவனுக்குத் தலை சுற்றியது. ஓடும் நிரல் சிக்கலில் மாட்டினால் போடும் கூச்சல்தான் எக்ஸெப்ஷன். அவளோ கூச்சலுக்குக் கூச்சல் தனித்தனி கிளாஸ், அதாவது தனி வகையே, எழுதியிருந்தாள். சென்சார் பேசாவிட்டால் ஒன்று, நம்ப முடியாத அளவைச் சொன்னால் இன்னொன்று.

"எதுக்கும்மா இவ்வளவு? எந்த எரர் வந்தாலும் ஒரே கேட்ச்ல பிடிச்சுப் போட்டா முடிஞ்சுது. திரையில எரரைப் பார்த்தா கஸ்டமர் பயந்துடுவாங்க."

"பிடிச்சு எங்க போடுவீங்க அத்தான்? திரையில பழைய அளவே நிக்கும், உள்ள மருந்து கெட்டுப்போகும். நம்மால சரிபண்ண முடியறதை மட்டும் பிடிப்போம். மத்தது மேல போகட்டும், பார்க்க வேண்டியவங்க பார்க்கட்டும்."

மறுநாளே மருந்தகத்தில் செயல்விளக்கம். மல்லுக்கட்ட நேரமில்லாமல் அரைமனதாக விட்டுவிட்டான்.

அங்கே அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் வாய் ஓயாமல் விளக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ தள்ளிவந்த வண்டி ஒரு வயரைக் கவ்வி இழுத்துவிட்டது. அவன் சட்டென்று திரையைப் பார்த்தான். தொலைந்தது, நிரல் பொத்தென்று விழப்போகிறது!

விழவில்லை. சென்சாரை மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தது. அப்புறம் அந்த இணைப்பை மட்டும் ஒழுங்காக மூடிவிட்டு, ஒரே ஒரு கட்டத்தைச் சிவப்பாக்கியது: 'மூன்றாம் பெட்டியின் சென்சார் பதில் சொல்லவில்லை. இப்போதைய வெப்பநிலை தெரியாது. வயரைப் பாருங்கள்.' மற்ற பெட்டிகளின் அளவுகள் அவைபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

மருந்தாளுநர் அம்மா குனிந்து வயரைச் செருகினார். கட்டம் பச்சையானது.

"பழைய மெஷின் ஏதோ நம்பரைக் காட்டி என்னைத் திட்டும். இது விஷயத்தைச் சொல்லுது. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற கம்ப்யூட்டரை இப்பதான் பார்க்கறேன். யாரு எழுதினது?"

"என் மச்சினி!" என்றான் அவன், இடம் பொருள் மறந்து. அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

வாசலுக்கு வந்ததும் மனைவிக்குப் போன் போட்டான். "உன் தங்கச்சி என்னமா எழுதியிருக்கா தெரியுமா!"

"உங்களுக்கு இப்பதான் தெரியுதாக்கும்" என்றாள் அவள்.

அலுவலகம் திரும்பியதும், தான் எழுதிய பழைய நிரல் ஒன்றைத் திறந்துவைத்து, பக்கத்தில் மச்சினிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இதுல எங்கெங்க எரரைப் பிடிச்சு வெளிய சொல்லாம முழுங்கியிருக்கேன்னு காட்டும்மா."

அவள் திரையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள்.

"சாப்பிட்டுட்டு வந்து உக்காரலாம் அத்தான். இது இன்னிக்கு முடியற வேலை இல்ல."