ஏழு அங்குல மீனும் ஒரு கஞ்சா அட்டையும்

எல்வுட் ஸ்டம்ப்பின் மூக்குக்கண்ணாடியை ஒரு தடவை ஆற்று மீன் விழுங்கிவிட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வருஷம் அதே மீன் அவருடைய தூண்டில் பக்கம் வந்து, முள்ளில் பொறித்திருந்த கம்பெனிப் பெயரை நிதானமாகப் படித்துப் பார்த்து, மட்டச் சரக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. எல்வுட் இதை டார்லாவின் காபிக் கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார். ஆகவே சாட்சிக்குக் குறைவில்லை.

பென்சில்வேனியாவின் அந்த மலைப் பக்கத்தில் மரம் அறுப்பது, மான் அடிப்பது, ட்ரௌட் மீன் பிடிப்பது ஆகிய மூன்று தொழில்களோடு பொய் சொல்வதும் ஒரு மரியாதையான தொழில். டார்லாவின் கல்லாவுக்கு மேலே பழைய பசுமாட்டு மணி ஒன்று தொங்கும். யாராவது சொல்லும் பொய் அளவு மீறினால், பக்கத்தில் இருப்பவர் எழுந்துபோய் அதை அடிக்கலாம். யார் பொய்க்கு மணி அடித்ததோ அவருக்கு அவமானம் கிடையாது. ஒரு வாரம் ஒருவர் பேரில் மணி அடிபடாவிட்டால்தான் ஊர், அவருக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிக்கும். அந்த மணியின் நாக்கு தேய்ந்து பாதியானதற்கு எல்வுட்தான் காரணம். மீதிப் பேர் பொய்க்கு அடித்ததெல்லாம் சும்மா சத்தத்துக்கு.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கண்ணில் வியாதி வந்தது.

முதலில் ஓரங்கள் மங்கின. பிறகு சாயங்காலமானால் வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல வலி, வயிற்றுப் புரட்டல். வீட்டில் சொல்லாமல் கண் டாக்டரிடம் போனார். டாக்டர் மிஷ்லர் சின்ன வயசுப் பெண், சுற்றி வளைக்காதவர்.

"குளுக்கோமா. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிக்கிட்டே போகுது. போன பார்வை போனதுதான், திரும்பாது. இருக்கறதக் காப்பாத்தலாம். சொட்டு மருந்த ஒரு வேளைகூட விடக்கூடாது."

சொட்டு மருந்து விட்டார். அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, சாயங்கால வலி இறங்கவில்லை. அடுத்த முறை டாக்டர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"புதுச் சட்டம் வந்திருக்கு. வலிக்கும் புரட்டலுக்கும் கஞ்சா எண்ணெய் உதவலாம். நான் சான்று குடுத்தா, அத வாங்கறதுக்கு அரசாங்கம் அட்டை அனுப்பும். ஆனா அது சில மணி நேரச் சமாசாரம், சொட்டு மருந்துக்குப் பதில் கிடையாது. அதப் போட்டுக்கிட்டு வண்டி தொடவே கூடாது. இந்தக் கண்ண வச்சிக்கிட்டு மலைப் பாதையில இப்பவே ஓட்டக்கூடாது. வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க."

அங்கேதான் சிக்கல். அந்த எண்ணெய் விற்கும் கடை இரண்டு மலை தாண்டி இருந்தது. அவர் மனைவி வெர்னாதான் வண்டி ஓட்ட வேண்டும். வெர்னா ஓட்ட வேண்டுமானால் வெர்னா நம்ப வேண்டும்.

டார்லாவின் கடையில், எல்லாரும் ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்த நேரமாகப் பார்த்து எல்வுட் தொண்டையைச் செருமினார்.

"எனக்குக் கண்ணு போயிக்கிட்டிருக்கு. அரசாங்கம் எனக்குக் கஞ்சா அட்டை குடுக்கப் போகுது."

மணியை அடித்தது வேறு யாருமில்லை, வெர்னாதான். அந்த வயதில் அப்படி எழுந்து ஓடுவாள் என்று யாரும் நினைக்கவில்லை.

"வெர்னா, நிசமாத்தான் சொல்றேன்."

"ஆமாய்யா. போன வருசம் ட்ரௌட் மீனுக்கெல்லாம் மந்திரியாப் போட்டிருக்காங்கன்னு வெள்ளை மாளிகைக் கடுதாசி கொண்டாந்தியே, முத்திரையோட, அதுவும் நிசம்."

"அது உருளைக்கிழங்குல செதுக்கின முத்திரைடி. இது டாக்டர் சொன்னது."

"எந்த டாக்டர்? கண்ணாடி போட்ட மீனா?"

கடை சிரித்து ஓய வெகு நேரமானது. மரம் அறுக்கிற லாயிட், "பெருசு, அட்டை வந்ததும் எனக்கும் ஒரு கட்டு வாங்கிட்டு வா, முழங்கால் வலிக்குது" என்றான். மணிக்கு அன்று தனி யோகம்.

வீட்டில் மறுபடி சொல்லிப் பார்த்தார். சொட்டு மருந்துக் குப்பியைக் காட்டினார். "நாய்க்குக் காது மருந்து வாங்கினத எங்கிட்டக் காட்டுறியா?" என்றாள். தன் கண் தன்னைவிட்டுப் போகிறது, அதைச் சொல்ல தன் வாய் உதவாது என்று எல்வுட்டுக்குப் புரிந்தது. அதன் பிறகு அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

ட்ரௌட் பருவம் திறந்த நாள் காலையில், லாயிட்டின் வண்டியில் தொற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். மத்தியானம் டார்லாவின் கடைக்கு ஒரு மீனோடு வந்தார். வருஷத்தின் முதல் மீன். கடை முழுக்கத் திரும்பி உட்கார்ந்தது. டார்லா முன்கூட்டியே மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு பெருசு. எவ்வளவு பெரிசு?"

"ஏழு அங்குலம்" என்றார் எல்வுட்.

டார்லாவின் கை கயிற்றிலேயே நின்றது. லாயிட் இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவி மீனின் மேல் பிடித்தான். ஏழு அங்குலம். சட்டப்படி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்கிற அளவு, மயிரிழை கூடுதல் இல்லை.

"எப்படிப் பிடிச்ச?" என்று லாயிட் மெதுவாகக் கேட்டான்.

"புழு போட்டேன். கடிச்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

யாரோ தொப்பியைக் கழற்றினார்கள். வெர்னா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"எல்வுட், இந்த மீன நீ முழுசாப் பாத்தியா?"

"இல்ல. நடுவுல கொஞ்சம் தெரிஞ்சுது. வாலு எங்க முடியுதுன்னு தடவித்தான் பாத்தேன். ரொம்பச் சின்னதா இருந்துச்சு, வெர்னா."

அவள் எழுந்தாள். "வண்டிச் சாவிய எடு."

"எங்க?"

"வாய மூடு. நீ உண்ம பேசறத இன்னொரு தடவ கேட்டா எனக்கு நெஞ்சு நின்னுடும்."

டாக்டர் மிஷ்லர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். வெர்னா கடைசிவரை கேட்டுவிட்டு, "இதுல இவரு சேத்தது எது?" என்றாள். எதுவுமில்லை என்றதும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள். சொட்டு மருந்து அன்றிலிருந்து அவள் பொறுப்பு. அட்டை தபாலில் வந்தது. ஓட்டுநர் உரிமத்தில் இருந்த அதே போட்டோ, மாட்டுத் திருடனைப் பிடித்து வைத்ததுபோல. வெர்னா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள், உருளைக்கிழங்கு வாசனை வருகிறதா என்று முகர்ந்தும் பார்த்தாள்.

இரண்டு மலை தாண்டிய கடை, மருந்துக்கடைக்கும் பேங்குக்கும் பிறந்ததுபோல இருந்தது. வாசலில் காவலாளி அட்டையைப் பார்த்து, "வாங்க ஐயா" என்று கதவைத் திறந்தார். வாழ்நாளில் எல்வுட்டின் பேச்சை முன்பின் தெரியாத ஒருவர் சரிபார்த்து ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. அவருக்கு நடை தள்ளாடியது, எண்ணெய் இன்னும் தொடவில்லை.

உள்ளே இருந்த பையன் எண்ணெய்க் குப்பிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டினான்.

"இது பறக்கும் பன்றி, உடம்பு லேசாகும். இது கிழட்டு டிராகன், மனசு சமாதானமாகும். இது சந்திரனோட மாமியார், ராஜ தூக்கம் வரும்."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னான். எல்வுட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தன்னைவிடப் பெரிய வித்துவான்களை நேரில் பார்த்தால் யாருக்கும் அந்தப் பணிவு வரும்.

"தம்பி, இங்க மணி எங்க மாட்டியிருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

கிழட்டு டிராகன் வாங்கினார்கள். அன்று சாயங்காலம் வெர்னா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணெயை அவர் நாக்குக்கு அடியில் அளந்து விட்டாள். சிறிது நேரத்தில் கண்ணுக்குப் பின்னால் அழுத்திய கட்டைவிரல் தளர்ந்தது, வயிறு அடங்கியது. எல்வுட் மூன்றாவது தட்டு உருளைக்கிழங்கு சாலட் கேட்டார். மங்கின ஓரங்கள் மங்கினபடியே இருந்தன. நடுவில் வெர்னா தெரிந்தாள். அதுவே தாராளம் என்றார். அடுத்த பரிசோதனையில் அழுத்தம் ஏறவில்லை என்றார் டாக்டர், சொட்டு மருந்தைப் பாராட்டி.

அடுத்த சனிக்கிழமை வெர்னாவே அவரை ஆற்றுக்கு ஓட்டிப் போனாள். மத்தியானம் டார்லாவின் கடைக்குள் எல்வுட் வெறுங்கையோடு வந்தார். கடை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"மீன் எங்க பெருசு?"

எல்வுட் நிதானமாகக் காபியை உறிஞ்சினார்.

"அந்தக் கண்ணாடி போட்ட பயலப் பாத்தேன். லாயிட் வண்டி நீளம் இருக்கான் இப்ப. கரைக்கு வந்து கண்ணாடியக் கழட்டி என் கையில குடுத்துட்டான். 'இந்தா பெருசு, எனக்கும் குளுக்கோமா, இது இனிமே பிரயோசனப்படாது. டாக்டர் யாரு, நல்ல டாக்டரா?'ன்னு கேட்டான். விலாசம் குடுத்து அனுப்பினேன்."

வெர்னா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். மணியை இரண்டு கையாலும் அடித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட அடித்தாள். கடை மேஜையைத் தட்டியது. லாயிட் எல்வுட்டைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான்.

சத்தம் அடங்கியதும் எல்வுட் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அரசாங்கம் குடுத்த கஞ்சா அட்டை."

டார்லா அட்டையைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள், கயிற்றை இழுத்தாள்.

"ஏய், அது நிசம்டி!" என்று வெர்னா கத்தினாள். "நானே கூட்டிட்டுப் போனேன். கிழட்டு டிராகன் வாங்கினோம். சந்திரனோட மாமியாரக்கூட காட்டினாங்க!"

கடை ஒரு கணம் அவளையே பார்த்தது. பிறகு லாயிட் மரியாதையாக எழுந்து போய், வெர்னா ஸ்டம்ப்புக்காக, அவள் ஆயுசில் முதல் தடவையாக, அந்த மணியை அடித்தான்.